குழிக்குள் இறங்கிய குழாய்

கோயில் தெரு முச்சந்தியில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற குழாய். அதற்குள் நல்ல சிவப்பு நிறத்தில் தண்ணீர். ஒரு முனை பாண்டிச்செல்வியின் கையில். மறுமுனை தெருவின் மேற்குக் கோடியில் சோணைமுத்துவின் கையில். இரண்டு முனைகளையும் கோடு போட்ட கம்புகளோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். நடுவில் குழாய் மடங்கிவிடாமல் மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனி வெயில். ஏதோ ஒரு வீட்டில் மிளகாய் வறுக்கிற நெடி வந்து தெருவே இருமிக்கொண்டிருந்தது. நான் ஒரு கையில் குடையும் மறு கையில் சாக்பீஸுமாக, "தும்மாதீங்கடா, தண்ணி ஆடுது" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

எதிரே நடந்து வந்த ஒரு பெரியவர் குழாயைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். படிப்புக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊரா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அது மரியாதை இல்லை, பயம் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

அந்தக் கதைக்குப் போகுமுன் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. சென்ற வாரம் என் பஸ் பயணங்களைப் பற்றி எழுதியதற்கே, "எங்கள் ஊர் கண்டக்டரை எப்படிக் கிண்டல் செய்யலாம்" என்று ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். பேரையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் வரும் ஒரு கரிசல் காட்டு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதி. அங்கே எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வீடு மதுரையில், வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம். விடியும் முன் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போவேன்.

வகுப்பு முழுக்கக் கலெக்டர்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லா டீச்சர்களையும் போல நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பெரியவர்களாகி என்னவாகப் போகிறீர்கள்? முதல் பெஞ்சு கலெக்டர் என்றது. இரண்டாம் பெஞ்சும் கலெக்டர். மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி டாக்டர் என்று சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, டாக்டர் கலெக்டர் என்று திருத்திக்கொண்டாள். கலெக்டர் என்றால் என்ன வேலை செய்வார் என்று கேட்டேன். சோணைமுத்து எழுந்து, "கார்ல வருவாரு டீச்சர்" என்றான். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் கண்ணால் பார்த்த வேலைகள் காடு, ஆடு, கொத்து வேலை, அதற்கப்புறம் டீச்சர். நடுவில் இருக்கிற ஆயிரம் வேலைகள் அந்த பஸ் ரூட்டில் வரவில்லை. நான் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. எங்கள் தெருவில் தறி, சாயம், ஜவுளிக் கடை, இந்த மூன்றைத் தாண்டி உலகம் இருப்பதையே நான் காலேஜில்தான் தெரிந்துகொண்டேன். அதனால் எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை, பாடப் புத்தகத்தின் மேல்தான் வந்தது. திரவங்கள் தம் மட்டத்தைத் தாமே அடையும் என்று ஒரு வரி. அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் மதிப்பெண். அந்த வரியை வைத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று புத்தகம் மூச்சு விடுவதில்லை.

தல்லாகுளத்தில் எங்களுக்கு ஒரு விடுமுறைப் பயிற்சி நடந்தது. பெரும்பாலும் டீயும் பஜ்ஜியும்தான். ஆனால் ஒரு மதியம், எல்லோரும் சொக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பாடம் நடத்த வந்தவர் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பாடத்தையும் யாராவது செய்கிற ஒரு வேலையோடு கட்டுங்கள், பிள்ளைகள் அந்த வேலையைக் கொஞ்ச நாள் செய்து பார்க்கட்டும் என்றார். பக்கத்தில் இருந்த டீச்சர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சாக்பீஸ் டப்பாச் சீட்டு

அப்படி ஆரம்பித்ததுதான் வேலைப் பாடம். மாதம் ஒரு வேலை. அந்த வேலைக்குள் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பதைச் சாக்பீஸ் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்போம். ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தேன். சொந்த அப்பா செய்யும் வேலை சீட்டில் வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். கொத்தனார் மகன் சோணைமுத்துவுக்குக் கொத்தனார் சீட்டு வரும்போதெல்லாம் அவனுக்கு அழுகையே வந்துவிடும். தெரிந்த வேலையைச் செய்யவிட மாட்டேன் என்கிறீர்களே என்பான். தெரிந்ததைக் கற்றுக்கொள்ளவா பள்ளிக்கூடம் வருகிறாய் என்று விரட்டுவேன்.

நர்ஸ் மாதம் அமர்க்களமாகப் போனது. ஊரில் ஒரு கை மிச்சமில்லாமல் நாடி பிடித்துப் பார்த்தார்கள். தலைமையாசிரியரின் நாடித் துடிப்பு, கல்வி அதிகாரி வருகிறார் என்று சொன்னதும் ஏறியதைக் கையும் களவுமாகக் கண்டுபிடித்துக் கரும்பலகையில் வரைபடம் போட்டார்கள். சாயப் பட்டறை மாதத்தில் எங்கள் வீட்டு அனுபவம் கைகொடுத்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், புளி பட்டால் மறுபடி மஞ்சளாகும் என்று செய்து காட்டினேன். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அந்தப் பாடம் அவர்களுக்கு மறக்கவே இல்லை. அதுதான் வினையாகிப் போனது.

பிறகு குடிநீர் மாதம் வந்தது. குழாய் வேலைகளை மேற்பார்க்கும் ஓவர்சியர் சீட்டு பாண்டிச்செல்விக்கு விழுந்தது.

கருப்பையா சொன்ன கணக்கு

பாண்டிச்செல்வி காலனிப் பிள்ளை. ஒல்லி. பேசினால் அளவாகப் பேசுவாள். கணக்கில் என்னையே திருத்துவாள். தினமும் முதல் மணி அடித்த பிறகுதான் வருவாள், பாவாடை ஒரு பக்கம் நனைந்திருக்கும். காட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறாள் என்று தெரியும் என்பதால் நான் கேட்டதில்லை.

தை மாதத்தில் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். எட்டாம் வகுப்பு முடித்தால் ஒன்பதாம் வகுப்புக்குப் பேரையூர்தான் போக வேண்டும். யார் யார் போகப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வைப்பது என் வழக்கம். அவள் அப்பா கருப்பையா ஆடு மேய்ப்பவர். சாந்தமான மனிதர். எனக்கு ஒரு மோடாவைத் துடைத்துப் போட்டுவிட்டு விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

"படிக்க வேணாம்னு நான் சொல்லல டீச்சர். நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு எனக்கும் தெரியும். ஆனா அவுக ஆத்தாளுக்கு ஆபரேசன் ஆயிருச்சு, குடத்த இடுப்புல வைக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாக. பேரையூருக்குக் காலைல இருக்கது ஒரே பஸ்சு. அம்புட்டுத் தூரம் நாலஞ்சு நடை தண்ணி எடுத்துப் போட்டுட்டு இவ எப்ப பஸ் ஏறுவா?"

அவரே போய் எடுக்கலாமே என்றால், காட்டுக் கிணற்றடியில் விடிந்ததிலிருந்து பெண்கள் கூட்டம். ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பாண்டிச்செல்வி உள்ளே நின்று பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றுபோயிருந்தது. அரசாங்கம் பஸ் பாஸ் கொடுக்கும், புத்தகம் கொடுக்கும் என்று தயாராகக் கொண்டுபோன பேச்சு எதுவும் அந்தக் கணக்கில் சேரவில்லை. காபித் தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

காலனியில் குழாய் இல்லாமல் இல்லை. பஞ்சாயத்துப் போட்ட குழாய் ஒன்று தெரு நடுவில் நின்றது. போட்ட நாளிலிருந்து அதில் சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. யாரோ அதில் ஆட்டைக் கட்டியிருப்பார்கள். கோயில் தெருக்காரர்கள் வால்வை வேண்டுமென்றே அடைக்கிறார்கள் என்று காலனி நம்பியது. காலனிக்காரர்கள்தான் குழாயை உடைத்துவிட்டார்கள் என்று கோயில் தெரு நம்பியது. யூனியன் ஆபீஸிலிருந்து வந்த ஓவர்சியர் லைன் கடைசி, பிரஷர் இல்லை, புது ஸ்கீம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேருக்கும் பதில் கிடைத்துவிட்டது, தண்ணீர் மட்டும் வரவில்லை.

அதனால் குடிநீர் மாதத்தில், ஊரில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டதும் வகுப்பே சிரித்துக்கொண்டு காலனிக் குழாய் என்றது. பாண்டிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

எருமை தீனி தின்னவில்லை

மதுரையில் ஒரு ஹார்டுவேர் கடையில் குழாய் வாங்கினேன். கொத்தனார்கள் தரை மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அதே குழாய்தான். கடைக்காரர் எந்த சைட்டில் வேலை என்று கேட்டார். எட்டாம் வகுப்பு பி பிரிவு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் பிடித்தாலும் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து இங்கே தரை எவ்வளவு கீழே, அங்கே தரை எவ்வளவு கீழே என்று கம்பில் பார்த்தால் எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்துவிடும். மேல்நிலைத் தொட்டியில் ஆரம்பித்து, கோயில் தெரு வழியாக, காலனிக் குழாய் வரை இப்படியே எட்டு வைத்துக்கொண்டு போவதாகத் திட்டம்.

தண்ணீர் கண்ணுக்குத் தெரிய நிறம் வேண்டும். முதல் நாள் சிவப்பு இங்க் ஊற்றினோம். மறுநாள் இங்க் தீர்ந்துவிட்டது. சோணைமுத்து ஓடிப்போய் வீட்டிலிருந்து மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு வந்து கலக்கினான். சாயப் பட்டறைப் பாடம் ஞாபகம் இருக்கிறதே என்று அவனைத் தட்டிக்கொடுத்தேன். முச்சந்தி வரை அளந்தோம். மணி அடிக்கிற நேரமாகிவிட்டது. தண்ணீரோடு குழாயைத் தூக்க முடியாது என்று பிள்ளைகள் அத்தனையையும் அங்கேயே முச்சந்தியில் கொட்டிவிட்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். முச்சந்தி. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கோ திருஷ்டி கழித்து, அதை இன்னொருவர் வாசலில் கொண்டுவந்து கொட்டியதாகத்தான் அர்த்தம். எனக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான். விஞ்ஞானம் தலைக்கேறினால் சில சமயம் இப்படி ஆகும்.

முச்சந்தியின் முனை வீடு பேச்சியம்மாளுடையது. அன்று சாயங்காலத்திலிருந்து அவருடைய எருமை தீனி தின்னவில்லை. மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பள்ளி வாசலில் கோயில் தெருவே நின்றது. காலனிப் பிள்ளையின் கையில் கொடுத்துச் செய்வினைத் தண்ணீரை ஊற்ற வைத்த டீச்சர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் வேர்த்து விறுவிறுத்து நடுவில் நின்றார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். கூட்டத்தைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இனிமே இந்த வேலைப் பாடமெல்லாம் வேணாம் டீச்சர். புத்தகத்துல இருக்கத நடத்துங்க, போதும்" என்றார். குழாயைச் சுருட்டிச் சத்துணவு மூட்டைகள் இருந்த அறையில் வைத்துப் பூட்டினார்.

முச்சந்தியிலிருந்து காலனி வரைக்குமான தெரு இன்னும் அளக்காமல் கிடந்தது. முழுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பரீட்சை முடிந்தால் எட்டாம் வகுப்பு கலைந்துவிடும். அன்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததால் தூசி என்று சமாளிக்க முடிந்தது.

சொட்டு நீலம்

மறுநாள் பாண்டிச்செல்வி என்னிடம் வந்தாள். ஓவர்சியர் தெருவைத் தோண்டினால் வீட்டுக்காரர்களிடம் போய்ப் பதில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டாள். சொல்ல வேண்டும் என்றேன். அப்படியென்றால் நான்தான் போக வேண்டும், நீங்கள் கூட வந்தால் போதும் என்றாள். காலனியிலிருந்து ஒரு பெண் பிள்ளை கோயில் தெரு வீட்டு வாசலில் போய் நின்று நியாயம் பேசுவது என்பது அந்த ஊரில் லேசான காரியமில்லை.

பேச்சியம்மாள் வாசலில் எருமைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். எருமை ஒன்றும் நடக்காதது போல் தின்றுகொண்டிருந்தது.

பாண்டிச்செல்வி நேராகச் சொன்னாள். "ஆத்தா, அது ஆலாத்தித் தண்ணி மாதிரித்தான் இருக்கும். ஆனா யாருக்கும் சுத்தல. மேடு பள்ளம் பாக்குறதுக்குக் கலர் கலந்தோம். ஒங்க வாசல்ல ஊத்துனது தப்பு. இனிமே பள்ளிக்கூடத்துலயே கொண்டு போயி ஊத்திர்றோம்."

பேச்சியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். மேடு பள்ளம் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டார். காலனிக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று தெரியும் என்றாள் இவள். அவர் எருமையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"வருசா வருசம் மழ பேஞ்சா என் வீட்டுக்குள்ள முழங்காத் தண்ணி நிக்கிது. இந்தக் கொத்தன் வாசல ஒசத்தணுங்கான், அந்தக் கொத்தன் வாய்க்கால வெட்டணுங்கான். அதச் சொல்லுமா ஒங்க கொழாயி?"

"சொல்லும் ஆத்தா."

"அப்பக் கொண்டா."

மறுநாள் பூட்டைத் திறந்தது தலைமையாசிரியரேதான். பேச்சியம்மாளே பள்ளிக்கு வந்து கேட்டுவிட்டால் அவர் என்ன செய்வார்? எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே வந்து ஒரு கம்பையும் பிடித்துக்கொண்டார். பேச்சியம்மாள் தன் வீட்டிலிருந்து துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நீலத்துக்கு எந்த ஊரிலும் யாரும் பயப்பட மாட்டார்கள் என்றார். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

அவர் வாசல் தெருவாய்க்காலை விடப் பள்ளத்தில் இருந்தது. வாய்க்காலை எவ்வளவு ஆழம் வெட்டினாலும் அதை விட வாசலை உயர்த்துவதுதான் சுலபம் என்று பாண்டிச்செல்வி அளந்து, சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக் காட்டினாள். அந்தக் கோட்டை அழிக்காமல் வைத்திருந்து, அடுத்த மாதமே பேச்சியம்மாள் அது வரை மண்ணடித்தார் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு குழாயைத் தூக்கிக்கொண்டு காலனிக்குப் போனோம். கோயில் தெருவில் யாரும் தடுக்கவில்லை. சிலர் பின்னாலேயே வந்தார்கள்.

வால்வும் இல்லை, உடைப்பும் இல்லை

கரும்பலகையில் கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டு முடித்ததும் விஷயம் வெட்ட வெளிச்சமானது. கண்ணுக்குச் சமதரையாகத் தெரிந்த தெரு, காலனிப் பக்கம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. காலனிக் குழாயின் வாய், முச்சந்திக் குழாயின் வாயை விட இரண்டு முழத்துக்கும் கூடுதலான உயரத்தில் இருந்தது. பள்ளத்துக் குழாய்கள் அத்தனையும் திறந்திருக்கும்போது தண்ணீர் அங்கேயே கொட்டித் தீர்ந்துவிடும். மேட்டுக்கு ஏற அதற்குத் தெம்பு இருக்காது. யாரும் வால்வை அடைக்கவில்லை, யாரும் குழாயை உடைக்கவும் இல்லை.

காலனியை ஏன் எப்போதும் லைனின் கடைசியில் வைத்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு என்னிடம் குழாய் இல்லை. அந்த ஊரில் தெருக்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை என்று எழுதினால் நான் பொய் சொல்கிறவளாவேன். ஆனால் இந்தக் குழாயைப் பொறுத்தவரை காரணம் மேடுதான். மேட்டை என்ன செய்வது?

"தண்ணி மேல ஏறலன்னா குழாய கீழ எறக்கணும்" என்றாள் பாண்டிச்செல்வி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் குழாய் குழிக்குள்தான் இருக்கிறது. தினமும் குனிந்து, குழிக்குள் குடத்தை இறக்கித்தான் நாங்கள் தண்ணீர் பிடிக்கிறோம். பிறந்ததிலிருந்து பார்த்த குழியை நான் பாடத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அவள் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி தேவைப்பட்டது. நர்ஸ் மாதத்தில் நர்ஸாக இருந்த பிள்ளை ஒருத்தி எழுந்து, குழிக்குள் சாக்கடைத் தண்ணீர் இறங்கினால் வயிற்றுப்போக்கு வருமே என்று ஆட்சேபித்தாள். நியாயமான கேள்வி. சுற்றிலும் கட்டைச்சுவர் எழுப்புவது, அடியில் சரளைக் கல் போடுவது, குழாயின் வாய் எப்போதும் தரையைத் தொடாமல் இருப்பது என்று முடிவு செய்தார்கள். சட்டத்தை மீறிச் சோணைமுத்துவுக்குக் கொத்தனார் வேலையைக் கொடுத்தேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்துத் தலைவி அந்த வருடம்தான் பதவிக்கு வந்திருந்தார். எப்போதும் அவருடைய வீட்டுக்காரர்தான் பேசுவார். அன்று பிள்ளைகள் வரைபடத்தை விரித்துக் காட்டியபோது வீட்டுக்காரர் புது ஸ்கீம் வரட்டும் என்று ஆரம்பித்தார். தலைவி அவரை நிறுத்திவிட்டு, ஒரு குழாயை வெட்டிக் கீழே வைக்க எதற்கு ஸ்கீம், நாளைக்கே ஃபிட்டரை அனுப்புகிறேன் என்றார். தலைவி பேசிக் கேட்டது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

காலனி ஆண்கள் குழி வெட்டினார்கள். கருப்பையாவும் வெட்டினார், நம்பிக்கை இல்லாமலேயே வெட்டினார். மகள் கேட்கிறாள் என்பதற்காக வெட்டுகிறேன் என்று என்னிடமே சொன்னார்.

தண்ணீர் விடுகிற நாள் காலையில் மொத்தக் காலனியும் குழியைச் சுற்றி நின்றது. மோட்டார் போட்டாகிவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். குழாயில் முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு கொஞ்சம் துருத் தண்ணீர். பிறகு மறுபடி காற்று. கணக்கில் எங்கேயாவது கோட்டை விட்டுவிட்டோமா என்று மனசுக்குள் முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். பாண்டிச்செல்வி குழிக்குள் இறங்கிக் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் கூட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன் கணக்கு தெரியும்.

விரல் தடிமனுக்குத்தான் வந்தது. ஆனால் நிற்காமல் வந்தது. பித்தளைக் குடத்துக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், வேறு ஒரு சத்தமும் இல்லை. அவள் அம்மா குழிக் கட்டையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டார். நான் பகிரங்கமாக அழுதேன். தூசி என்று யாரிடமும் சொல்லவில்லை.

கருப்பையா மட்டும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "இது நெலச்சு வருமா டீச்சர்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் குழிக்குள்ளிருந்து பதில் வந்தது. "மோட்டார் ஓடுற வரைக்கும் வரும்ப்பா. நின்னா, ஏன் நின்னுச்சுன்னு நான் பாத்துச் சொல்றேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அது மகளைப் பேரையூருக்கு அனுப்பச் சம்மதமா, சும்மா ஆட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதக் காலை

கோடை விடுமுறை முழுக்க எனக்கு இதே நினைப்பு. அந்த ஊரில் போன் கிடையாது. போய்க் கேட்கவும் தயக்கமாக இருந்தது. ஒரு வீட்டுக் கணக்கில் எத்தனை தடவைதான் வெளியாள் போய்த் தலையிடுவது? சித்திரைத் திருவிழா வந்தது, போனது. எங்கள் தெருவில் குழிக் குழாயில் குனியும்போதெல்லாம் அங்கே தண்ணீர் வருகிறதோ, நின்றுவிட்டதோ என்று யோசிப்பேன். என்ன இந்த வருடம் லீவிலும் பள்ளிக்கூடத்தையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று அம்மா எங்கள் பாஷையில் திட்டினார்.

பள்ளி திறந்த அன்று வழக்கமான பஸ்ஸில் போய் இறங்கினேன். நான் வருகிற பஸ்தான் அங்கே திரும்பி மறுபடி பேரையூர் போகும். காலனியை ஒட்டின வேப்பமரத்தடியில்தான் அது நிற்கும். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பையன்கள் நான்கைந்து பேர் வணக்கம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்கள். சோணைமுத்துவும் ஏறினான். ஒரு பெண் பிள்ளை கூட இல்லை.

பஸ் திரும்பியது. கண்டக்டர் விசில் கொடுத்தார். சோணைமுத்துவிடம் கேட்கலாமா என்று ஜன்னலைப் பார்த்தேன். அவன் காலனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலனித் தெருவிலிருந்து கருப்பையா வேகமாக நடந்து வந்தார். தோளில் ஒரு நிறைகுடம். தண்ணீர் தளும்பி அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அந்த ஊரில் ஓர் ஆண் பிள்ளை குடம் சுமந்து நான் அதுவரை பார்த்ததில்லை, பஸ்ஸில் இருந்தவர்களும் பார்த்ததில்லை என்பது அவர்கள் எட்டிப் பார்த்ததிலேயே தெரிந்தது. அவர் யாரையும் கவனிக்கவில்லை. குடத்தோடு நேராக வந்து பஸ்ஸுக்கு முன்னால் நின்று ஒரு கையைத் தூக்கினார்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. பிள்ள வருது."

அவருக்குப் பின்னால் பாண்டிச்செல்வி ஓடி வந்தாள். புதுத் தாவணி அவளுக்கு இன்னும் பழகவில்லை, ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாவாடை எந்தப் பக்கமும் நனையாமல் இருந்தது. படியில் ஏறி நின்று, "போய்ட்டு வாரேன் டீச்சர்" என்றாள்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கருப்பையா அது வளைவில் திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு கொடம் இருக்கு டீச்சர். நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குள் போனார்.